நாற்பதில் வந்த பரு

தோல் டாக்டரிடம் ரிசப்ஷனிஸ்டாக இருப்பவள் எந்த முகத்தையும் உற்றுப் பார்க்கக் கூடாது, எந்தச் சத்தத்தையும் காதில் வாங்கக் கூடாது. முதலாவது எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. இரண்டாவது வரவே இல்லை. டெல்லி சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் கிளினிக். இருட்டிக் கடைசி நோயாளியும் போன பிறகு டாக்டர் மேடத்தின் அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பும். முதலில் இரும்பு நாற்காலியைக் கதவுக்கு முட்டாக இழுத்துப் போடும் 'கர்ர்'. அப்புறம் 'டக்... சர்ர்... டக்'. நடுவில் "ஹாய் ராம்" என்று ஒரு முனகல். நான் மூன்று வயது மகள் உமாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் நிற்பேன்.

பயம் எனக்குப் பிறவிக் குணம். அந்தக் குளிர்காலத்தில் அதற்குக் காரணமும் இருந்தது. என் வீட்டுக்காரர் பாதி நாள் டூரில் இருப்பார். "வேலை சரிப்படலைன்னா சொல்லு, குழந்தையோட திருச்சிக்குப் போய் எங்கம்மாகிட்ட இரு" என்று முடிவாகச் சொல்லியிருந்தார். வேலையோ முகத்தைப் பார்த்துக் கிடைத்த வேலை. "உன் முகம்தான் இந்த கிளினிக்குக்கு போர்டு" என்று சொல்லித்தான் மேடம் என்னைச் சேர்த்துக்கொண்டார். சேர்ந்த கொஞ்ச நாளில் அந்த போர்டின் தாடைப் பக்கம் பரு கிளம்பிவிட்டது. பொய் சொன்னால் முகத்தில் பரு வரும் என்பார் எங்கள் கான்வென்ட் சிஸ்டர். எனக்கு முதலில் பரு வந்தது, அதற்கப்புறம்தான் பொய். "ஜலதோஷம்" என்று சொல்லி, சால்வையை மூக்கு வரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆகையால், தாடையில் பரு வந்த சகோதரிகளே, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் நான் உங்கள் கட்சிதான்.

யாருக்கு டோக்கன்?

பதினைந்து வயதுப் பிள்ளைகள் பருவோடு வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர்களும் வந்தார்கள். ஆனால் நாற்பதைத் தாண்டிய பெண்கள் அத்தனை பேர் வருவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவர்கள் நேராக வர மாட்டார்கள். காய்கறிப் பையோடு, ஏதோ வழி தவறி வந்த மாதிரி உள்ளே வருவார்கள்.

குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு தமிழ் மாமி, காலேஜ் படிக்கும் பெண்ணைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். பெண் பெயருக்கு டோக்கன். பெண்ணின் முகமோ உரித்த வாழைப்பழம். மாமி முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு, "இவளுக்கு ரொம்ப நாளா பரு, பாருங்கோ" என்றார். உள்ளே மேடம் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை. மருந்து எழுதாமல் அனுப்பிவிடுவாரோ என்று மாமி தவிக்கிற தவிப்பைப் பார்க்கச் சகிக்காமல் பெண்ணே சொல்லிவிட்டாள்:

"ஆன்ட்டி, டோக்கன்தான் என்னோடது. பரு அம்மாவோடது."

ரிடயர்மென்ட்

இன்னொரு நாள் ஒரு செக்ஷன் ஆபீசர், மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். நோயைப் பற்றி மனைவியிடம் கேட்டால் கணவர் பதில் சொல்வார். "எல்லாம் சூடு மேடம். டெல்லித் தண்ணி. எண்ணெய் தேய்ச்சுக் குளின்னா கேக்கறதில்லை." காரணம் சொல்வதில் ஆளுக்கு ஒரு கட்சி. தமிழர்களுக்குச் சூடு, பஞ்சாபிகளுக்கு வயிறு. மேடம் மட்டும் அசராமல், மாதவிலக்கு நிற்கப்போகிற வருஷங்களில் ஹார்மோன் ஏறி இறங்கும், அப்போது தாடையிலும் கழுத்திலும் பரு வரலாம் என்று விளக்கினார்.

எனக்கு இது புதுச் செய்தி. அந்த ஆபீசருக்கோ அவமானமாகிவிட்டது. "ஹார்மோன் எல்லாம் சின்னப் பசங்களுக்குத்தானே? இவளுக்கு ரிடயர் ஆகிற வயசு!" என்றார். அதுவரை வாயே திறக்காத மனைவி அவர் பக்கம் திரும்பினார்:

"உங்களுக்கு அம்பத்தெட்டுல ஆர்டர் வரும். எனக்கு யார் ஆர்டர் போட்டா?"

மஞ்சள்

அரசாங்க ஆபீசில் சீனியர் கிளார்க்காக இருக்கும் பெண் ஒருத்தர் வருவார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், நாற்பத்தொன்று என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். பருவுக்குக் கஸ்தூரி மஞ்சள் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனவர், அது கிடைக்காமல் சமையல் மஞ்சளையே இரண்டு நாள் அப்பிக்கொண்டார். எத்தனை கழுவியும் போகவில்லை. அப்படியே ஆபீசுக்குப் போனார்.

நம் ஊராக இருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். டெல்லியில் முகத்தில் மஞ்சள் என்றால் கல்யாணப் பெண் என்று அர்த்தமாம். ஸ்வீட் எங்கே என்று ஒருத்தி கட்டிக்கொண்டாள். பியூன் "முபாரக் ஹோ" என்று வாழ்த்திச் சலாம் போட்டார். சாயங்காலம் எங்களிடம் வந்து அத்தனையும் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார்:

"மாப்பிள்ளை யாரு, மாப்பிள்ளை யாருன்னு அத்தனை பேரும் கேட்டாங்கம்மா. கடைசியில எனக்கே தெரிஞ்சுக்கணும்னு ஆசை வந்துடுச்சு."

சால்வைக்குள்ளே

ஹோலி முடிந்தது. ஊரே ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்து நாப்தலின் உருண்டை போட்டாயிற்று. நான் மட்டும் சால்வையோடு வேர்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியிலும் தாடையிலும் பருக்களோடு வந்த ஒரு பஞ்சாபி அம்மா, "இந்த வயதில் எனக்கு மட்டும் ஏன்?" என்று அறை வாசலில் நின்ற மேடத்திடம் கண் கலங்கினார். என் மேஜைக்கடியில் விளையாடிக்கொண்டிருந்த உமாவுக்கு மனசு கேட்கவில்லை. தமிழில் சொல்லியிருந்தாலாவது தப்பித்திருப்பேன். அவளுக்கு அவசரத்துக்கு வருவது ஹிந்திதான்:

"மம்மி கோ பி ஹை! ஷால் கே அந்தர்!"

கதவு

'அம்மாவுக்கும் இருக்கு' என்று என் பெண்ணே காட்டிக்கொடுத்த பிறகு என்ன இருக்கிறது? மேடம் என்னைப் பார்த்த பார்வையில் திருச்சி ரயிலே தெரிந்தது. எல்லாரும் போன பிறகு உள்ளே கூப்பிட்டார். உமா பெஞ்சில் தூங்கிவிட்டாள். நான் சால்வையை எடுத்துவிட்டுப் போனேன். இனி அது எதற்கு?

மேடம் என் தாடையைத் திருப்பிப் பார்த்தார். "பிள்ளை பெற்ற உடம்பு. இதுவும் ஹார்மோன்தான்" என்று ஒரு டியூபை என் கையில் வைத்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே ஒரு மர ஸ்கேல். அதன் நுனியில் பஞ்சு சுற்றி நூல் கட்டியிருந்தது. பஞ்சில் ரோஸ் நிற லோஷன் காய்ந்திருந்தது. ஐம்பதை நெருங்கிய மேடம் நாற்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரவிக்கைக் கழுத்தைச் சற்று இறக்கினார். மேல்முதுகு முழுக்கப் பரு. கை எட்டாமல் ஸ்கேலால் பூசிப் பூசி, அது பின்னாலிருந்த பீரோவில் இடித்த சத்தம்தான் இத்தனை நாள் என்னை நடுங்க வைத்தது.

"தோல் டாக்டருக்கே இப்படி என்றால் யார் வருவார்கள்? வீட்டுக்காரரைப் பூசச் சொன்னால் 'டாக்டர் நீயா, நானா' என்கிறார். நாளையிலிருந்து நீ பூசு. முதலில் அந்தக் கதவைச் சாத்து."

பெயின்ட் இறுகி அசையாமல், இத்தனை நாள் மேடத்தை நாற்காலி முட்டுக்கொடுக்க வைத்த அந்தக் கதவின் தாழ்ப்பாளுக்கு, பரு கூடும், தலையில் வைக்கவே கூடாது என்று மேடம் ஊரையெல்லாம் மிரட்டும் தேங்காய் எண்ணெயை என் பையிலிருந்து எடுத்து இரண்டு சொட்டு விட்டுத் தாழை உள்பக்கமாகப் போட்டபோதுதான், முகத்துக்கு மருந்து போதும், முதுகுக்கு ஆள் வேண்டும் என்கிற தோல் வைத்தியம் எனக்குப் புரிந்தது.