மூடிக்குள் ஒளிந்திருந்த நாற்றம்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பகல் முழுக்க நின்றபடி வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பும் நவமணியின் கண்ணில் முதலில் படுவது, கழுவுத்தொட்டி ஓரம் நிற்கும் மூன்று எவர்சில்வர் போத்தல்கள்தாம். ஒன்று அவளுடையது. ஒன்று மகள் துளசி பள்ளிக்குக் கொண்டுபோவது. மூன்றாவது கணவன் வேலுவுடையது. அதைத் திறக்குமுன் அவள் மூச்சை அடக்கிக்கொள்வாள்.

வேலுவுக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. காலையில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் போத்தல் நிறையத் தே தாரிக், அதான் இழுத்து ஆற்றிய பால் தேநீர், வாங்குவான். பாதியைக் குடிப்பான். மீதி வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளிலேயே கிடந்து புளித்து வீடு வந்து சேரும்.

"குடிச்சதும் கொஞ்சம் தண்ணி ஊத்திக் குலுக்கிக் கொட்டுனா கை தேஞ்சா போயிடும்?"

"சரி லா, நாளைக்கு" என்பான். அந்த நாளை வந்தபாடில்லை.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள். நீளக் காம்புள்ள தூரிகையால் தேய்த்தாள். அரிசியைப் போட்டுக் குலுக்கினாள். எலுமிச்சைச் சாற்றை ஊற்றி வைத்தாள். ஒரு நாள் ஆத்திரத்தில் துணி வெளுக்கும் குளோரினைக்கூட ஊற்றினாள். உள்ளே பழுப்புப் புள்ளிகள் விழுந்ததுதான் மிச்சம். கழுவி வைத்தால் நாறாது. மூடித் திறந்தால் அதே புளித்த பால் வாடை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலு அதிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"சீ! என்ன இந்த நாத்தம்? நீ ஒழுங்கா கழுவுறதே இல்லையா மணி?"

நவமணிக்குச் சுர்ரென்று ஏறியது. கையிலிருந்த தூரிகையை அவன் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க. இனிமே உங்க போத்தல நீங்களே கழுவிக்குங்க."

"இது என்ன பெரிய வேலையா?" என்று அவன் கைப்பேசியில் ஏதோ வீடியோவைப் பார்த்துக்கொண்டே அடுப்படிக்குள் போனான். ஆப்பசோடாவைக் கொட்டி, அதன்மேல் வினிகரையும் ஊற்றி, மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் குலுக்கினான். திறக்கத் திருகியதுதான் தாமதம், பட்டென்று வெடித்தது. மூடி கூரையில் மோதித் தெறித்தது. நுரை அடுப்பிலும் சுவரிலும், காலையில்தான் நவமணி மடித்து வைத்த துணிகளிலும் சிதறியது.

"அம்மா!" என்று துளசி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். வேலுவுக்கு ஒரு கீறலும் இல்லை. சட்டைதான் நனைந்திருந்தது.

மூடி நவமணியின் காலடியில் கிடந்தது. அதன் உட்புற ரப்பர் வளையம் பாதி பிதுங்கி வெளியே வந்திருந்தது. கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தாள். வளையத்தின் அடியில் கன்னங்கரேலென்று வழவழப்பாக அழுக்கு அப்பியிருந்தது.

"அலாமா, என்ன இது கறுப்பா?" என்றான் வேலு.

"இத்தனை நாளா நீங்க குடிச்சது."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நெஞ்சு எரிந்தது. அந்த வளையம் கழன்று வரும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. ஓடிப்போய்த் துளசியின் மூடியை நெம்பினாள். அதிலும் கறுப்பு. தன்னுடையதிலும். தினமும் விரல் நோகத் தேய்த்ததெல்லாம் போத்தலின் வயிற்றைத்தான். அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலு துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தான். பிறகு மூன்று வளையங்களையும் சுடுதண்ணீரில் ஆப்பசோடா போட்டு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் அவள் தேய்த்துக் காட்ட, அவன் தேய்த்தான். வாடை போயே போய்விட்டது.

மறுநாளிலிருந்து மூன்று போத்தல்களையும் அவனே கழுவினான். நவமணி நம்பமுடியாமல்தான் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை இரவு, "ரப்பரையும் கழட்டிக் கழுவுங்க" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை காலை தொழிற்சாலைப் பேருந்தில் அவள் மடியில் ஏதோ சில்லென்றது. பை சொட்டிக்கொண்டிருந்தது. சாப்பாடு, மாற்றுடை, குடை எல்லாம் ஊறிவிட்டன. போத்தலைத் திறந்தாள். மூடியில் வளையம் இல்லை. உடனே வேலுவை அழைத்தாள்.

"ரப்பர் எங்கங்க?"

"ஜன்னல்ல காயவச்சிருக்கேன் லா. நீதானே கழட்டிக் கழுவச் சொன்ன?"

சொன்னது அவள்தான். திட்டவும் வழியில்லை.

"திருப்பி மாட்டணும்னும் சொல்லணுமாங்க?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அழைப்பைத் துண்டித்தாள். பக்கத்து இருக்கை ரொஸ்னா நீட்டிய மெல்லிய காகிதத்தால் பாவாடையை ஒற்றிக்கொண்டே, நெரிசலில் ஊர்ந்த பேருந்தில் ஈரத்தோடு வேலைக்குப் போனாள்.