சாப்பிடச் சுணங்கும் பிள்ளையோடு மயிலிட்டிக்கு நடந்தது

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நானும் என் மகள் பரிமளமும் நீர்வேலியிலிருந்து மயிலிட்டிக்கு நடந்தோம். காரணம் ஆத்திரம், மறைக்க என்ன இருக்கிறது? அவளுக்குச் சாப்பாடு இறங்கும் குழல் பிறவியிலேயே இடுங்கல். பிறந்தபோது பால் மூக்கால் வந்தது, தப்பாது என்றார்கள். இப்போது வயது ஒன்பது. ஓடினால் மூச்சடைத்து விழுவாள் என்று பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் அவளை மட்டும் வரிசையிலிருந்து ஒதுக்கி இருத்திவிட்டார். அவர் வீடு மயிலிட்டியில். நடந்தே போய் அவர் முன்னால் பிள்ளையை நிறுத்துவது என்று முடிவுகட்டினேன்.

பத்து மைலுக்குக் குறையாது. விடியமுன் வெளிக்கிட்டால் அச்சுவேலி வரைக்கும் வெயில் சுடாது. புத்தூர் தாண்டியதும் பரிமளத்துக்கு அந்தப் பிறவி இருமல் வந்தது. நாய் குரைப்பதுபோல் இருக்கும், பழகாதவர்கள் பயந்துபோவார்கள். புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் வேலியடிக்கு ஓடிவந்தார்.

"உது நடக்கிற பிள்ளையே தங்கச்சி? திருப்பிக் கொண்டு போங்கோ."

"இருமல் தொண்டையிலை, அண்ணை. காலிலை ஒண்டுமில்லை."

அச்சுவேலியில் இளநீர் குடித்து ஆறினோம். வசாவிளானில் தெருப் புழுதி கொதித்தது. மயிலிட்டியில் மீன் மணம் மூக்கில் ஏறியபோது மத்தியானம்.

வாத்தியார் வாசல் படலையடியில் திகைத்து நின்றார். "எதிலை வந்தனீங்கள்?"

"காலாலை," என்றாள் பரிமளம்.

அவர் நம்பவில்லை. அவருடைய மனைவி சோறும் மீன் சொதியும் வைத்தார். பரிமளம் குழையப் பிசைந்து, வாய்க்கு வாய் தண்ணீர் குடித்துச் சாப்பிட்டாள். நாங்கள் கைகழுவியபோது அவள் பாதியில் இருந்தாள். அப்போது ஒரு வாய் சிக்கியது. இருமினாள், கண் சிவந்தது.

வாத்தியார் துள்ளி எழும்பினார். "பாருங்கோ, இதுக்குத்தான் சொன்னனான்!"

நான் அசையவில்லை. அவளுக்கு இது பழக்கம். நிமிர்ந்து இருந்தாள், பொறுத்தாள், சோறு இறங்கியது.

"சாப்பிடத்தான் சுணங்குவன், வாத்தியார். நடக்க இல்லை," என்றாள்.

அவர் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "திங்கட்கிழமை வரிசையிலை நில்," என்றார்.

இப்படியான பிள்ளையோடு நடக்க நினைப்பவர்களுக்கு: தண்ணீர்ச் செம்பை மறக்கவேண்டாம். கிழங்கும் இறைச்சியும் கட்டிப்போகவேண்டாம். சாப்பிட்ட கையோடு நடத்தாமல் கொஞ்சநேரம் நிமிர்த்தி இருத்துங்கள். பாவம் பார்ப்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றால் வெயில் ஏறிவிடும்.

திரும்பிவர வாத்தியார் மாட்டுவண்டி பிடித்துத் தந்தார். எனக்குக் கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன, வெட்கப்படாமல் ஏறிவிட்டேன். பரிமளம் ஏற மறுத்தாள். வசாவிளான் வரைக்கும் மாட்டுக்கு முன்னால் அவள்தான் நடந்தாள்.