இருநூற்றுப் பதிமூன்று

மார்லிஸ் ஓக்கர்லண்டை எனக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும். லாஸ் ஏஞ்சலிஸில் எங்கள் அலுவலகத்தில்தான் இணைய எண்களின் பட்டியல்கள் இருக்கின்றன. எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அதில் எழுதியிருந்தால்தான் ஒரு கருவி சொல்வது இன்னொன்றுக்குப் புரியும். மார்லிஸ் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். சம்பளமில்லாமல் ஒரு சின்னப் பட்டியலை மேற்பார்வை செய்தாள். மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு எண்கள். புது எண் யாருக்கு என்பதை அவள்தான் முடிவுசெய்வாள்; அதைப் பட்டியலில் ஏற்றுவது என் வேலை.

ஃப்ரெஸ்னோவிலிருந்து வெண்டல் டச்சிபானா விண்ணப்பித்தார். ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் கரையோரப் பெட்டிகள் வெள்ள எச்சரிக்கை அனுப்ப ஒரு எண் வேண்டும். நீங்களாக எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆவணத்தை முழுதாக எழுதுங்கள் என்று மார்லிஸ் பதில் போட்டாள். அவர் இரண்டு வருஷம் திருத்தித் திருத்தி எழுதினார். கடைசியில் 213 கிடைத்தது. அறுபது பெட்டிகளில் அதைப் பதித்து, மூடி, கரையில் புதைத்தார்.

முதல் மழையில் பாதி எச்சரிக்கைகள் வந்து சேரவில்லை. ஒரு கேமரா நிறுவனம் யாரையும் கேட்காமல் அதே எண்ணை நாற்பது லட்சம் கருவிகளில் போட்டு விற்றிருந்தது. வழியில் செய்திகளைக் கடத்தும் சாதனங்களும் அந்தக் கேமராக்களுக்கேற்ப மாறியிருந்தன; அவை வெண்டலின் செய்தியைக் கேமராச் செய்தி என்று நினைத்துத் தூக்கியெறிந்தன.

நாற்பது லட்சத்தைத் திரும்ப வாங்க முடியாது. மார்லிஸ் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, என் மேஜையிலிருந்தே வெண்டலைக் கூப்பிட்டாள். வேறு எண் தருவதாகச் சொன்னாள்.

"பெட்டியெல்லாம் மண்ணுக்குள்ள இருக்கு, மார்லிஸ்," என்றார் அவர். "அவங்க கேக்கவே இல்ல. நான் கேட்டேன். கேட்டதுதான் தப்பா?"



"இந்தத் தடவை ஆமா," என்றாள். "ரெண்டு வருஷம் உங்களைக் காக்க வெச்சவ நான்தான்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார்.

அன்று 213-க்கு எதிரே வெண்டலின் பெயரை எடுத்துவிட்டு, நிறுவனத்தின் பெயரைப் போட்டேன். மார்லிஸ் பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். வெண்டல் புது எண்ணுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. பெட்டிகள் இன்னும் கரையில்தான் கிடக்கின்றன என்று கேள்வி.

அடுத்த மாதம் அவள் பொறுப்பிலிருந்து விலகினாள். ஏழு மாதம் யாரும் முன்வரவில்லை. பிறகு ஒருவர் வந்தார், அந்தக் கேமரா நிறுவனத்துப் பொறியாளர். நல்ல மனிதர், கேள்விகளுக்கு உடனே பதில் தருகிறார். மிச்சமிருந்த பதினொரு எண்களில் நான்கு இப்போது அவர்களுடையவை. நான்குக்கும் முறைப்படிதான் விண்ணப்பம் வந்தது. பட்டியலில் ஏற்றியது நான்தான்.