ஊசி கடலூரில், இட்லி சிதம்பரத்தில்

நான் நர்ஸாக வேலை பார்க்கும் சர்க்கரை ஆஸ்பத்திரிக்கு அந்த பஸ் கண்டக்டர் மாதாமாதம் வருவார். காக்கிச் சட்டை, கக்கத்தில் தோல்பை. ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீளவாக்கில் மடித்து, ரூபாய் நோட்டைப் போல விரலிடுக்கில் செருகிக்கொண்டு நிற்பார்.

இரண்டு வேளை போடும் கலப்பு இன்சுலினா, சாப்பாட்டு வேளைக்கு ஒன்றும் இரவில் ஒன்றுமாகப் போடுவதா, எது அவருக்குச் சரிப்படும் என்று டாக்டர் ஆறு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்தார். எதைப் போட்டாலும் காலையில் சர்க்கரை தடாலென்று இறங்கியது. ‘சொன்னபடி கேட்பதில்லை’ என்று கண்டக்டரின் அட்டவணையில் எழுதச் சொன்னார். நான்தான் எழுதினேன். கண்டக்டர் அதை எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார்.

“யாரும்மா கேக்கல? காலைல ஆறு மணிக்கு ஊசின்னு எழுதிக் குடுத்தது நீங்க. டாண்ணு ஆறுக்குப் போட்டுக்கிறேன். ஆறே காலுக்கு வண்டி கிளம்பிடும். ஊசி கடலூர்ல, இட்லி சிதம்பரத்துல. நடுவுல மயக்கமா வருது, கம்பியப் புடிச்சிக்கிட்டு டிக்கெட் குடுக்கிறேன். இத்தன தடவ மருந்த மாத்துனீங்களே, எப்ப சாப்புடுறேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?”

அட்டவணையைப் பார்த்தேன். ஊசி போட்ட நேரத்துக்குக் கட்டம் இருந்தது, சர்க்கரை அளவுக்கு இருந்தது. சாப்பிட்ட நேரத்துக்கு இல்லை. அவர் என் பேனாவை வாங்கி ஓரத்தில் கோணலாக ஒரு கோடு இழுத்தார்.

“இங்க எழுதுங்க.”

அதன்பின் அட்டவணையை மூன்று முறை புதிதாக அச்சடித்துவிட்டார்கள். புது இன்சுலின்களின் பெயரெல்லாம் வண்ணத்தில் இருக்கிறது. சாப்பிட்ட நேரத்துக்கான கட்டத்தை மட்டும் ஒவ்வொரு தாளிலும் இன்னும் நான்தான் கையால் போடுகிறேன். சொன்னபடி கேட்காதவர்கள் யார் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.