மாமியும் என்ர சேர்வர் பெட்டியும்

குடும்பப் படங்கள் எல்லாம் கிடக்கிற சேர்வர் பெட்டி இண்டைக்கும் "ரீட் ஒன்லி" எண்டு நிண்டுது. பழசைப் பாக்கலாம், புதுசா ஒண்டும் போட ஏலாது.

வெள்ளிக்கிழமை எண்டால் இதே கூத்துத்தான். டிஸ்கை மாத்தினன், வயரை மாத்தினன், வெள்ளவத்தைக் கரண்டையும் திட்டித் தீர்த்தன்.

இண்டைக்கு லீவில வீட்டில நிண்டதால கண்ணால கண்டன். மனுசியின்ர அம்மா கோயிலுக்கு வெளிக்கிட முந்தி ஃபேன், டிவி எண்டு ஒவ்வொரு சுவிட்சா நிப்பாட்டிக்கொண்டு வந்து, கடைசியாக் குனிஞ்சு பெட்டியையும் நிப்பாட்டினா.

"மாமி, அது எழுதிக்கொண்டிருக்கேக்க நிப்பாட்டினால் பழுதாப் போகும்!"

"சும்மாதானே தம்பி கிடக்குது?"

"மாமாவின்ர வீடியோ எல்லாம் அதுக்குள்ளதான்."

மாமாவின்ர ஆண்டுத் திவசம் இன்னும் வரேல்லை. மாமி சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

"அப்ப அவருக்கு ஒண்டும் ஆகேல்லையே?"

"இல்லை மாமி. பாக்கலாம்."

"இனி அதில கை வைக்கமாட்டன். சத்தியமா."

பெட்டியைத் திரும்பப் போட்டு, டிஸ்கைச் செக் பண்ணிச் சரியாக்கி, மச்சாள் லண்டனில இருந்து அனுப்பின படங்களை ஏத்தத் துவங்கினன். பாதியில எல்லாம் நிண்டிட்டுது.

மாமி சொன்ன சொல்லு மாறேல்லை. பெட்டியில கை வைக்கேல்லை. பக்கத்தில கிடந்த ரவுட்டரை நிப்பாட்டிப்போட்டுக் கோயிலுக்குப் போயிட்டா.

எழும்பிப் போய்ப் போட உடம்பில தெம்பில்லை. போன் டேட்டாவில எழுதுறன். இப்பிடி ஒரு மாமி இருக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ, ஒரு சங்கம் துவங்குவம். வெள்ளிக்கிழமையில மட்டும் கூட்டம் வைக்க ஏலாது.