கொடிக்கம்பத்து ஆணியும் என் கல்யாணக் காரும்

பெட்ரோல் வாடையும் பிச்சிப்பூ வாசமும் சேர்ந்து அடித்தால் முழங்கையில் கரி இருக்கிறதா என்று இன்றைக்கும் பார்த்துக்கொள்வேன்.

காரணம் எங்கள் மாமா. அம்மாவின் கூடப்பிறந்தவர். மலைத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்கார துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். மேலே கூரை கிடையாது. இரண்டு பேர்தான் உட்காரலாம். மாமா உட்கார்ந்தால் ஒன்றரைப் பேர் ஆகிவிடும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பாறசாலைப் பக்கம் எங்கள் வீடு. கல்யாணம் திருப்புறத்தில், மாப்பிள்ளையின் சபையில், காலை பதினொரு மணிக்கு. எங்கள் பக்கத்துத் தமிழ் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. அன்றைக்குப் பார்த்துக் கடையடைப்பு. பஸ் இல்லை. வீட்டார் எல்லோரும் விடியுமுன்னே நடந்து கிளம்பிவிட்டார்கள். என்னை மட்டும் விடமாட்டேன் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார்.

"எனக்க மருமவ காரிலயாக்கும் போய் இறங்குவா."

நல்லா இறங்கினேன்...

மறுநாள் லெந்து தொடங்குகிறது, ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்காலம். தொடங்கிவிட்டால் ஈஸ்டர் கழியும்வரை எங்கள் சபைகளில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளைக்கோ பட்டாளத்தில் அந்த வாரத்தோடு லீவு முடிகிறது. போனால் எப்போது வருவாரோ! பெண் பார்க்க வந்த அன்றே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. அதை வெளியே சொல்ல முடியுமா அந்தக் காலத்தில்?

உதியன்குளங்கரை தாண்டினதும் மாமா கியர் மாற்றினார். கியர் லிவர் முழுசாகக் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. அதைத் தூக்கிப் பிடித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டினார். வண்டி இளைத்து நின்றது.

"சாரமில்ல மக்கா, இப்ப சரியாவும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த லிவரை வாங்கி ஒன்று வைத்திருப்பேன். தாய்மாமனாகப் போய்விட்டார்.

லிவரின் அடியில் அதைப் பிடித்து நிறுத்தும் ஒரு பின் உண்டாம். அது ஒடிந்து ரோட்டில் எங்கோ விழுந்துவிட்டது. மாமாவால் குனியக்கூட முடியவில்லை, தொப்பை ஸ்டியரிங்கில் முட்டியது. வெள்ளைப் பட்டும் தலையில் நெட்டு முக்காடுமாக நான் அந்த ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினேன். முழங்கை வரை கரி.

அப்போதுதான் கொடியோடு மறியல்காரர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் ராசையன் அண்ணன். எங்கள் ஊர் தையல்காரர். நான் போட்டிருந்த ஜாக்கெட்டைத் தைத்ததே அவர்தான். எங்களைக் கண்டதும் ஆட்களோடு காருக்கு முன்னால் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார்.

"இந்த எடம் தாண்டி ஒரு வண்டியும் முன்னால போவாது. கூட்டத்தில சொல்லியாச்சு" என்றார், படுத்தபடியே.

"எலே ராசையா, முன்னால போறதுக்கு இதில கியரே இல்ல. ஒரு ஆணி உண்டா?" என்று மாமா லிவரைத் தூக்கிக் காட்டினார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அண்ணா, நாளைக்கு லெந்தாக்கும். நீங்க தச்ச ஜாக்கெட்டப் போட்டுட்டு ஈஸ்டர் வரைக்கும் நான் ரோட்டில இருக்கணுமா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். தன் கொடிக்கம்பத்தைப் பார்த்தார். பிறகு கொடியை அடித்திருந்த ஆணியைப் பல்லால் கடித்துப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். ஆணி தருவாராம், வழி தரமாட்டாராம். கொடியை ஒரு கையால் கம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் படுத்துவிட்டார்.

நான்தான் ஆணியை மாட்டினேன். ஆனால் அது நீளம். ஒருபக்கம் துருத்திக்கொண்டு லிவரை அசையவிடவில்லை. ஒன்றாம் கியர் விழவில்லை, இரண்டு, மூன்று எதுவும் இல்லை. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தள்ளு தள்ளினார். விழுந்தது... ரிவர்ஸ். படுத்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டுக் கார் பின்னால் போய்விட்டது.

ராசையன் அண்ணன் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார். முன்னால் போகக்கூடாது என்றுதான் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். பின்னால் போவதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் எட்டுப் பேர் சேர்ந்து, நானும் மாமாவும் உட்கார்ந்திருக்கவே, காரை அலாக்காகத் தூக்கித் திருப்பி வைத்தார்கள். கார் முகம் தெற்கே நாகர்கோவிலைப் பார்த்தது. மறியலில் ஒரு வண்டியைத் திருப்பிவிட்டாயிற்று என்று கோஷம் போட்டார்கள். நாங்கள் பின்பக்கமாகத் திருப்புறத்துக்குக் கிளம்பினோம்.

மூன்று மைல்! காற்று முதுகுப் பக்கமிருந்து அடிக்க, என் நெட்டு பறந்து மாமாவின் கண்ணை மூடும். அவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, "பிள்ளே, வயலா ரோடா?" என்று கேட்பார். ரோடு என்று நான் சொன்ன இரண்டு இடத்தில் வயல்தான் இருந்தது.

கோயில் வாசலில் போதகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் மாப்பிள்ளை. மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. எங்கள் காரைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஓடிவந்தார்.

"இது வாற காரா, போற காரா?"

"வாறதுதான்" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. கரி படிந்த கையில்தான் மோதிரம் போட்டார்.

பிறகு எல்லைக் கோடு போட்டார்கள். எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்டது. ராசையன் அண்ணன் சாகும்வரை, தான் திருப்பிவிட்ட அந்த ஒரு காரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

சண்டை போட்டு நான் அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "இது வாற காரா, போற காரா?" என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பெட்டி உள்ளே போய்விடும்.

இப்போது பேரன் காரில் கியர் மாற்றுகிற வேலையே இல்லை. ரிவர்ஸ் எடுத்தால் டிவி மாதிரி பின்னால் இருப்பதெல்லாம் தெரிகிறது, பீப் பீப் என்கிறது. போன ஞாயிறு கோயிலுக்குப் போனபோது கல்லறைத் தோட்டத்துப் பக்கமாக வண்டியைப் பின்னால் எடுத்தான். திரையில் இவர் கல்லறை தெரிந்தது. கிட்டக் கிட்ட வந்தது...

"வாறதுதான்" என்றேன். "கொஞ்சம் பொறுங்க."

ஆச்சி யாரிடம் பேசுகிறாள் என்று பேரன் திரும்பிப் பார்த்தான்.