ராகு காலத்துக்குப் பயந்து போட்ட கையெழுத்து

“விசைத்தறிக் கடன். வெள்ளிக்கிழமை. பத்தரைக்குள் கையெழுத்து.” சென்ற மார்ச் மாத டைரியில் இப்படிக் குறித்திருக்கிறேன்.

பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடுமே என்று மல்லசமுத்திரத்திலிருந்து வங்கிக்குப் பறந்தோம். அதிகாரி நீட்டிய தாள்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனேன். நடுவில் ஒரு தாளை என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க, தறிக்குக் கடன் கேட்டா, இவரு உசுருக்கு எதுக்குங்க பாலிசி?”

“மாசக் கடைசிங்கம்மா, எனக்குப் பாலிசி டார்கெட் இருக்குது.”

“கட்டாயமுங்களா?”

“இல்லீங்க” என்றார் மெதுவாக.

அதிலும் கையெழுத்துப் போட்டிருந்தால், தறி ஓடிய கூலியெல்லாம் வருடா வருடம் பிரீமியத்துக்கே போயிருக்கும். அந்தத் தாளை அவரே கிழித்தார். பேச்சில் பத்தரை தாண்டிவிட, மீதிக் கையெழுத்தை ராகு காலத்திலேயே போட்டேன், கடனும் கிடைத்தது!

இப்போதெல்லாம் தாள்களை முதல் நாளே வாங்கிவந்து, வீட்டில் படித்த பிறகே நல்ல நேரம் பார்க்கிறேன். டார்கெட் எட்டாததால்தான் அந்த அதிகாரியை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள் என்கிறார்கள்; அது உண்மையா என்று இன்னும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.